பூசைத்தட்டு அடுத்து யார் கையில்?



அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் கிரீன் கிராஸ் என்று ஒரு சிற்றூர். 1966இல் அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையில் லகோட்டா என்னும் பூர்வகுடி மக்கள் தங்களுடைய மிகப் புனிதமான பொருளை ஒப்படைத்தார்கள். அது ஒரு புகைக்குழாய். வெள்ளை எருமைக் கன்றுப் பெண் என்னும் தெய்வமகள் நேரில் வந்து தங்கள் முன்னோரிடம் கொடுத்துவிட்டுப் போனது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் என்ற அந்தச் சிறுவன் அதன் பத்தொன்பதாம் தலைமுறைக் காவலர் ஆனார். குடும்பத்தில் பெரியவர்கள் இருந்தும் பொறுப்பு பையனிடம் போனது.

பன்னிரண்டு வயது என்றால் நம் ஊர்க் கணக்கில் ஆறாம் ஆண்டு மாணவன். அந்த வயதுப் பிள்ளையிடம் நம் கோயில்களில் எதை ஒப்படைக்கிறோம்? அன்னதானத்தில் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறோம். செருப்பை ஒழுங்காக வை என்கிறோம். கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டுச் சாமி கும்பிடு என்று அதட்டுகிறோம். பிறகு, இளைஞர்களுக்குச் சமயத்தில் நாட்டமில்லை என்று செயலவைக் கூட்டத்தில் வருத்தப்படுகிறோம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் இப்படி இருக்கவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. இன்றைய பேச்சு அந்த வேலையைப் பற்றியது.

லகோட்டாக்களை இந்த அவைக்கு அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பெருவிழாவான சூரிய நடனத்தில் நேர்த்திக்கடன் வைத்தவர் நெஞ்சுத் தோலில் மரக்குச்சி கோத்து, அதைக் கயிற்றால் நடுமரத்தோடு பிணைத்து, தோல் அறும்வரை ஆடுவார். அலகு குத்திக் காவடி எடுத்த குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அமெரிக்க அரசு 1883இல் விதி போட்டு இந்த நடனத்தைக் குற்றமாக்கியது. அதே நூற்றாண்டில் சென்னை மாகாண ஆட்சியும், முதுகில் கொக்கி மாட்டித் தொங்கும் நம்மவர்களின் செடல் திருவிழாக்களை ஒடுக்கப் பார்த்தது. லகோட்டாக்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது. பென்சில்வேனியாவில் 1879இல் திறந்த கார்லைல் உறைவிடப் பள்ளியும் அதைப் பின்பற்றிய பிற பள்ளிகளும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தன. 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கான லகோட்டாக்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. பூர்வகுடி மக்கள் தங்கள் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைக் காக்கிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட 1978 வரை ஆனது.

மலாயாத் தோட்டத்தில் மாரியம்மனை யாரும் தடை செய்யவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்குத் தோட்ட மேலாளரான துரை விடுமுறை கொடுத்தார், நன்கொடை கொடுத்தார், சில தோட்டங்களில் முதல் மரியாதையும் பெற்றுக்கொண்டார். கோயில் இருந்தால் ஆள் நிற்கும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. கோயில் வரியைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கவும் தோட்ட அலுவலகம் தயங்கவில்லை. லகோட்டாவிடமிருந்து சடங்கைப் பிடுங்கினார்கள். நமக்குச் சடங்கை விட்டுவைத்து, அது நின்ற நிலத்தை மட்டும் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். அந்த நிலம் கைமாறியபோதுதான் இதன் பொருள் நமக்கு விளங்கியது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1877இல் கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகள் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் அந்த ஊரில் நிற்கிறது; சுற்றுலாப் பயணிகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய், தெலுக் இந்தான் என்று காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரரையும் பக்கத்து ஊராரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை 1938இல் நின்றது.

ஆள் வந்தபோது சாமியும் வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அருகே மாரியம்மன். தோட்டத்தின் எல்லையில் முனியாண்டி அல்லது மதுரை வீரன். வேறு இடத்தில் சங்கிலிக் கருப்பன், காளி. தொடக்கத்தில் பலவும் ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். பிறகு தகரக் கூரை, அப்புறம் செங்கல் சுவர். மாரியம்மன் அம்மை நோயிலிருந்து காத்தாள். முனியாண்டி, இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகிறவருக்குக் காவல். பாம்பும் காட்டுப்பன்றியும் காய்ச்சலும் உள்ள காட்டில் எல்லைச்சாமி இல்லாமல் எப்படி?

பூசாரி எங்கிருந்து வந்தார் என்பதுதான் முக்கியம். அவர் எங்கிருந்தும் வரவில்லை. காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, நிரையில் பால் வெட்டி, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்தவரே மாலையில் குளித்துத் திருநீறு பூசிப் பூசைத்தட்டை எடுத்தார். ஆகமம் படித்தவர் அல்லர். மாமனோ அப்பாவோ செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர். அவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பையனும் இருந்தான்.

ஆடியிலோ சித்திரையிலோ காப்புக் கட்டியதும் தோட்டம் முழுவதும் வேலையாக மாறும். பையன்கள் தப்பின் தோலைக் காய்ச்சச் சருகு பொறுக்கிவர வேண்டும். தோல் எவ்வளவு சூடேறினால் என்ன ஓசை வரும் என்பது அங்கேதான் தெரியும். வேப்பிலை ஒடிக்க ஒரு கூட்டம், கரகம் ஜோடிக்கும் ஆற்றங்கரையைத் துப்புரவு செய்ய ஒரு கூட்டம். பெண்பிள்ளைகள் மஞ்சள் அரைப்பார்கள், மாவிளக்குக்கு மாவு இடிப்பார்கள், கூழ்ப்பானைக்கு அடுப்பு மூட்டுவார்கள். மாரியம்மன் தாலாட்டை ஒரு பாட்டி படிக்க, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பேத்தி அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். தீமிதிக் குழிக்கு விறகு அடுக்குவதைப் பையன்கள் பார்ப்பார்கள்; எந்தக் கட்டை, எவ்வளவு நேரம் எரிந்தால் தணல் சீராக விழும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். சாமியாடி அருள் வந்து ஆடும்போது பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிப்பவருக்கும் ஒரு பயிற்சி உண்டு. விழுகிற பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.

யாரும் வகுப்பு எடுக்கவில்லை. யாரும் "நம் பண்பாட்டைக் காப்போம்" என்று பதாகை கட்டவில்லை. பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் திருவிழாவின் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். பூசாரிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய பூசை நிற்காது.

இந்த ஏற்பாட்டில் புகழ முடியாததும் இருந்தது. தப்படிக்கும் வேலை எந்தச் சாதிக்கு, கரகம் எந்தச் சாதிக்கு, எந்த லயத்தார் கோயிலுக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கணக்கும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் ஒரு மலாயாத் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட நூல், தோட்டத் தமிழரின் வாழ்வில் சாதியும் நிர்வாகப் படிநிலையும் எப்படிப் பின்னின என்று விரிவாகப் பேசுகிறது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து ஈப்போ உள்ளிட்ட ஊர்களில் பேசினார். அவருக்குக் கூடிய கூட்டத்தில் தோட்டத்து ஆட்களும் நின்றார்கள் என்றால், அவர்களுக்குக் கோயிலைப் பற்றிச் சொல்ல ஒரு குறை இருந்திருக்கலாம். மரபைக் கையளிப்போம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேசக்கூடாது. எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை. சாதியைக் கொடுக்காமல் விடலாம்.

உடைப்பு எங்கே தொடங்கியது? 1950களில். நாடு விடுதலையை நெருங்கும் நேரத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தனி அறிக்கையாகவே எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு விடையாகத்தான். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். தங்கள் தோட்டத்தைத் தாங்களே வாங்கினால் துரத்த ஆளிருக்காது என்பது எண்ணம். முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அந்த முயற்சி பெரியது. ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அதைவிடப் பல மடங்கு.

அடுத்த அடி 1969இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமானது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாடு போனார்கள். அவர்களோடு எத்தனை பூசாரிகள், எத்தனை உடுக்கைக்காரர்கள் போனார்கள் என்று யார் கணக்கெடுத்தார்? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. அந்தக் குறைந்த ஆட்களும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு, செம்மோர் பக்கங்களுக்கும் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளுக்கும் நகர்ந்தன. அப்பா லாரி ஓட்டினார், அம்மா தொழிற்சாலைக்குப் போனார், பிள்ளை மாடிவீட்டில் வளர்ந்தது. முனியாண்டி செம்பனைக்கு நடுவில் தனியாக நின்றார்.

கோயில் நிலத்துக்குப் பட்டா இல்லை. தோட்டம் இருந்தவரை அது யாருக்கும் தோன்றவேயில்லை. வீடமைப்பு நிறுவனம் வாங்கிய பிறகு, நூறு ஆண்டாகக் கும்பிட்ட இடம் சட்டத்தின் பார்வையில் அத்துமீறிய கட்டடம் ஆனது. 2007 அக்டோபரில் சிலாங்கூரின் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கோயிலை இடித்ததும், அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில் மக்கள் திரண்டதும், 2018 நவம்பரில் சிலாங்கூரிலேயே உள்ள சீபீல்டு கோயிலில் நடந்த கலவரமும் இந்தப் பட்டா இல்லாத வரலாற்றின் பிள்ளைகள்தாம். இந்த இடத்தில் லகோட்டாக்கள் நமக்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய புனித மலையான பிளாக் ஹில்ஸை அரசு 1877இல் பறித்தது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறென்று சொல்லி 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வறுமையில் இருந்தும் அவர்கள் அந்தப் பணத்தை வாங்கவில்லை. மலைதான் வேண்டும் என்றார்கள். இழப்பீடு வாங்கிக்கொண்டு அம்மனைக் கால்வாய் ஓரம் நகர்த்தச் சம்மதித்த நம் செயலவைகளைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மிகக் குறைவு.

ஆனால் நிலத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. நிலம் கிடைத்த இடங்களில் என்ன செய்தோம்?

நகருக்குள் வந்த கோயில் பெரிதாகியது. ராஜகோபுரம் எழுந்தது, குடமுழுக்கு நடந்தது. சிற்பி தமிழ்நாட்டிலிருந்து, அர்ச்சகர் தமிழ்நாட்டிலிருந்து, நாதசுரமும் தவிலும் தமிழ்நாட்டிலிருந்து, எல்லாரும் வேலை உரிமத்தில். ஒவ்வொரு முறை குடிநுழைவுத் துறை உரிமத்தை இறுக்கும்போதும் பூசைக்கு ஆளில்லை என்று கோயில்கள் தவிக்கின்றன. நூறாண்டு இந்த மண்ணில் வாழ்ந்த ஒரு சமூகத்துக்குத் தன் பிள்ளைகளிலிருந்து ஓர் அர்ச்சகரை, ஒரு தவில்காரரை ஆக்கிக்கொள்ள ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டாமா? பால்வெட்டி வந்து பூசை செய்த பழைய பூசாரி இந்தப் புதிய கோயிலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சமஸ்கிருத மந்திரம் தெரியாது. அவர் பாடி அழைத்தால் அம்மன் வந்தாள். இப்போது அவர் பாட வேண்டிய நேரமே நிகழ்ச்சி நிரலில் இல்லை. முனியாண்டிக்குச் சுருட்டும் கள்ளும் வைப்பது நாகரிகமில்லை என்றார்கள். ஆட்டுக்குப் பதில் பூசணிக்காய் வந்தது. உயிர்ப்பலி வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கோயிலும் தனக்குள் பேசி முடிவு செய்யட்டும்; பலியை நிறுத்தியதில் தவறில்லை. தவறு, பலியோடு சேர்த்துப் பூசாரியையும் பாட்டையும் பையனையும் அனுப்பிவிட்டது. எல்லாவற்றையும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் கோயிலில் பிள்ளைக்கு வேலை கிடையாது. அவன் பார்வையாளன். பார்வையாளனுக்கு அலுப்பு வரும்.

இதற்கு எதிர்ச்சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. ஈப்போ குனோங் சீரோவில், சுண்ணாம்புக்கல் குன்றின் அடியில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று வாருங்கள். 1973 அக்டோபரில் இந்தக் குன்றின் ஒரு பகுதி சரிந்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். கூட்டம் அதற்குப் பிறகும் குறையவில்லை. பேராக்கில் அன்று பொதுவிடுமுறை. புந்தோங்கிலிருந்து பால்குடமும் காவடியும் நடந்து வரும்.  வரிசையில் நிறையப் பேர் இருபது வயதுக்காரர்கள். சமயத்தில் நாட்டமில்லை என்று நாம் யாரைச் சொன்னோமோ அவர்கள்.

அவர்கள் ஏன் வருகிறார்கள்? காவடிக்கு நேர்ந்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். நேர்ந்துகொள்வது அந்த இளைஞன். விரதம் இருப்பது அவன். மயில்தோகையும் கம்பியும் வாங்கிக் காவடி கட்டுவது அவனுடைய நண்பர்கள். அம்மா சாப்பாட்டை மாற்றுகிறார், தாத்தா நாள் பார்க்கிறார், தங்கை பால்குடம் எடுக்கிறாள். குடும்பம் முழுவதற்கும் வேலை. குடும்பம் முழுவதற்கும் வேலை. கோலாலம்பூருக்கு ஆஸ்திரேலியத் தூதரக அதிகாரியாக வந்து, தானே காவடி எடுத்த கார்ல் வடிவேலா பெல் 2017இல் தைப்பூசத்தைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். வெளியூர்க்காரரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த விழாவில் இடம் இருக்கிறது.

உருமி மேளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைப்பூசம் வந்தால் உருமிப் பையன்களைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. சினிமா மெட்டில் அடிக்கிறார்கள், குண்டர் கும்பல் சட்டை போடுகிறார்கள், ஆட்டம் எல்லை மீறுகிறது என்று கோயில் நிர்வாகங்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுகின்றன. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதையும் பாருங்கள்: உருமி, பம்பை, தப்பு, கைச்சிலம்பு ஆகியவை தோட்டத்தோடு புதைந்திருக்க வேண்டியவை. அவற்றை எடுத்தது எந்த இசைப்பள்ளியும் அல்ல, எந்தச் சங்கமும் அல்ல. தாமான் பையன்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மேளம் வாங்கினார்கள், வீட்டுக்குப் பின்னால் பழகினார்கள், அண்டை வீட்டாரிடம் வசை வாங்கினார்கள். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று: ஒரு சாதிக்கு மட்டும் உரியதென்று தோட்டத்தில் ஒதுக்கிவைத்த தோல்கருவியை இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளில் மாட்டுகிறார்கள். பெரியவர்கள் செய்யத் தவறிய சீர்திருத்தத்தைப் பையன்கள் யாரையும் கேட்காமல் செய்துவிட்டார்கள். அவர்களைத் திட்டும் செயலவைத் தலைவர், தன் கோயிலின் பழைய பூசாரியிடம் அவர்களை அழைத்துப்போய், முனியாண்டிக்கு எந்த அடி, கரகத்துக்கு எந்த அடி என்று கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாரா?

பள்ளிக்கூடம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஆலயக் கொட்டகையில் தொடங்கிய பள்ளிகளும் உண்டு. நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று 530க்குள். பேராக்கில் மட்டும் 134, வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம். தோட்டம் போன பிறகும் பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே சுமக்கின்றன. 1948 ஜூன் 16 அன்று துரை சுடப்பட்டு, அவசரகாலப் பிரகடனத்துக்குக் காரணமான சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தின் பெயரில் இன்றும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.  மொழியைக் காப்பதில் இப்பள்ளிகளின் உழைப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் பாட அட்டவணையில் இருப்பது நன்னெறிக்கல்வி, சமயம் அல்ல. இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தேவாரம் பாட வைக்கிறது; நல்ல பணி. ஆனாலும் சம்பந்தரும் அப்பரும் போட்டி மேடைக்கு வந்துவிட்டார்கள். பாட்டி படித்த மாரியம்மன் தாலாட்டுக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் தோட்டத் திருவிழா முடிந்துவிட்டதா? இல்லை. லயம் இடிந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை பழைய தோட்டக்காரர்கள் பல ஊர்களிலிருந்து காரில் வந்து, செம்பனைக்கு நடுவே இருக்கும் அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். வாட்சாப் குழுவில் வரி வசூல் நடக்கிறது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பழைய பட்டப்பெயரில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகள் குளிரூட்டிய காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். கொசு கடிக்கிறது, தொடர்பு அலை கிடைக்கவில்லை, எப்போது வீட்டுக்குப் போவோம் என்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அவனிடம் யாரும் சருகு பொறுக்கச் சொல்லவில்லை.

பதிவு செய்து வைத்தால் போதும் என்று சொல்வோர் உண்டு. பதிவு வேண்டும், சந்தேகமில்லை. முத்தம்மாள் பழனிசாமி நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிருக்காவிட்டால் அவற்றில் பல இன்று காற்றோடு போயிருக்கும். லகோட்டா முதியவர் பிளாக் எல்க் சொல்லச் சொல்ல எழுதிய நூல் 1932இல் வந்தது. ஏழு சடங்குகளைப் பற்றி அவர் விளக்கியது 1953இல் வந்தது. எழுதிய வெள்ளைக்காரர்கள் தங்கள் கைச்சரக்கையும் சேர்த்தார்கள் என்ற குறை உண்டு. ஆனாலும் பின்னால் வந்த தலைமுறை தன் சடங்குகளைத் தேடியபோது அந்த நூல்களும் கை கொடுத்தன.

பதிவில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வெளியார் தொடங்கிய ஒரு மொழி நிறுவனம் லகோட்டா முதியவர்களின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவு செய்து, பாடநூலாக்கி, பதிப்புரிமையும் வாங்கி விற்றது. தங்கள் பாட்டியின் குரலைத் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று பேரன்கள் கொதித்தார்கள். 2022இல் லகோட்டாக்கள் வாழும் ஸ்டாண்டிங் ராக்கின் பழங்குடி மன்றம் அந்த நிறுவனத்தைத் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று விலக்கி வைத்தது. நம் தோட்டத்துப் பூசாரியின் பாட்டை யூடியூபில் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கட்டும். பாடினவர் பெயர் அதில் இருக்கிறதா? அந்தக் கோயிலிடம் ஒரு படி இருக்கிறதா?

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் சரிதான். சுங்கை சிப்புட்டுக்குப் பின்னால் ஏறும் மலையில் தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். கனவில் ஆவி வந்து பாட்டுக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கனவு கண்டவர் அதை ஊருக்குப் பாடிக் காட்டுவார். சேவாங் என்னும் ஆட்டத்தில் ஊரே அந்தப் பாட்டைத் திருப்பிப் பாடும். மாரினா ரோஸ்மன் என்ற இசை ஆய்வாளர் 1991இல் இதை நூலாக்கினார். அங்கேயும் கேட்பவர் எவரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முதல் அடியை ஒருவர் எடுத்தால் அடுத்த அடி மற்ற எல்லாருக்கும் உரியது. நூறாண்டு பக்கத்தில் வாழ்ந்தும் அவர்களைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது மிகக் குறைவு என்பது தனியாகப் பேச வேண்டிய கதை.

தோட்டக் கோயில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களிடம் சில வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காப்புக் கட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை உங்கள் கோயில் முறை என்ன, எந்தப் பாட்டு எப்போது, முனியாண்டிக்குப் படையல் எப்படி என்று பழைய பூசாரியைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். எழுதும் வேலையைச் செயலாளரிடம் கொடுக்காதீர்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணிடமோ பையனிடமோ கொடுங்கள். பூசாரி பெயரையும் எழுதியவர் பெயரையும் முதல் பக்கத்தில் போடுங்கள். புத்தகம் கோயிலில் இருக்கட்டும், படி அந்தக் குடும்பத்திடம் இருக்கட்டும். உருமிக் குழுவைப் பூசாரியோடு சில மாலைகள் உட்கார வையுங்கள். பட்டா விண்ணப்பம் போட்டிருந்தால் அது எந்த மேசையில் நிற்கிறது என்று இந்த மாதமே விசாரியுங்கள். திருவிழா நாளில் ஒரு கால பூசையையாவது, பூசாரி பக்கத்தில் நிற்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். தட்டு கொஞ்சம் ஆடும். கற்பூரம் ஒருமுறை அணையும். பேசாமல் இருங்கள்.